பலாமரத்தடிப் பிக்கப்

"இன்னைக்கும் ஒருத்தரும் வரலீங்கம்மா."

சென்னியப்பன் மடத்துப் படியில் உட்கார்ந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு வலது காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தார். புண் நேற்றைவிட அகலமாகியிருந்தது.

அம்மணிச் சாமி பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வந்தா என்ன பண்ணுவே?"

"கையெடுத்துக் கும்பிடுவனுங்க. நீங்க நல்லா இருக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லுவனுங்க."

"அப்புறம்?"

"செருப்புப் போட்டுக்குவனுங்க."

அம்மணிச் சாமி விதைகளை வழித்து ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"காய் நறுக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பெரிசு பெரிசா நறுக்கு."

சென்னியப்பன் நறுக்கினார்.

கொளஞ்சிமலையின் உச்சியில், பஸ் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் அக்கட்டத் தள்ளி, ஓடு வேய்ந்த ஒரு கூடமும் ஒரு கிணறும் உண்டு. அதற்குத்தான் மடம் என்று பெயர். அங்கே இருப்பவர் அம்மணிச் சாமி. சென்னியப்பனுக்கு ஐம்பத்தைந்து நடக்கிறது. அம்மணிச் சாமி அவரைவிட இளையவர். ஆனாலும் தாசில்தார் முதல் தபால்காரர் வரை எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். மடத்து நாயிடம் மட்டும் 'வாங்க, சாப்பிடுங்க' என்பார். நாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. ஏதாவது கேட்டுப் போனால் ஏதாவது வேலை கொடுப்பார்.

சென்னியப்பன் கேட்டது இதுதான்.

பல வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு மத்தியானம், அவர் இந்த மலைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். அடிவாரத்து ஊரில் அவருக்கு லேத் பட்டறை. எஸ்டேட்டில் ஏதோ பழைய மோட்டார் விலைக்கு வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மோட்டாரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி வழுக்கி, தொடை எலும்பு முறிந்து, ரத்தத்தில் கிடந்தார். அந்தக் காலத்தில் கொளஞ்சிமலைக்குப் பஸ் கிடையாது.

யாரோ அவரைத் தூக்கினார்கள். ஒரு வண்டியின் பின்னால் கிடத்தினார்கள். சுற்றிலும் பலாப்பழம்.

மல்லாந்து கிடந்தவருக்கு வானம் தெரிந்தது. இலைகள் பின்னால் ஓடின. ஓட்டுகிறவர் ஒவ்வொரு வளைவிலும் கத்தினார்.

"இன்னொரு வளைவுதானுங்க! இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

அந்த மலையில் வளைவுகள் எக்கச்சக்கம். ஒவ்வொன்றிலும் அதே பொய். எஞ்சின் சத்தத்தில் அது ஆண் குரலா பெண் குரலா என்றுகூடப் பிரியவில்லை. ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் சென்னியப்பன் கண்ணை மூடாமல் கிடந்தார்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதான்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"கொண்டாந்தது யாருங்க?"

"தலையில துண்டு கட்டின ஒருத்தர்" என்றார் நர்ஸ். "பழம் வெடிச்சுரும்னு உடனே கிளம்பிட்டாங்க."

நடக்க ஆரம்பித்ததும் சென்னியப்பன் மலைக்கு வந்து வீடு வீடாகக் கேட்டார்.

"நான் இல்லீங்களே."

"அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கறாங்க?"

"பொழச்சுட்டீங்கல்ல, அப்புறம் என்னங்க?"

கேட்டுக் கேட்டு நொந்துபோய், கடைசியாக மடத்துக்கு வந்தார். செருப்பைப் படியில் கழற்றினார். அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டார். அந்த வண்டியை ஓட்டினவருக்கு நேரில் ஒரு நல்ல வார்த்தை சொல்லும் வரை இந்தச் செருப்பைத் தொடுவதில்லை. வேறு செருப்பும் போடுவதில்லை.

"உன் காலு, உன் செருப்பு" என்றார் அம்மணிச் சாமி.

சென்னியப்பன் வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

அப்புறம் சர்க்கரை வந்தது.

சர்க்கரை உள்ளவன் வெறுங்காலோடு திரிவது எப்படிப்பட்ட காரியம் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்னியப்பனுக்கும் தெரியும். வேண்டுதல் வேண்டுதல்தான் என்றார். கொங்கு நாட்டுப் பிடிவாதம். அதை எந்த லேத்திலும் கடைந்து எடுக்க முடியாது.

ஆளைத்தான் காணோம், வண்டியையாவது கண்டுபிடிப்போம் என்று இறங்கினார்.

வண்டி கிடைத்தது. மூடிப்போன எஸ்டேட்டின் பலாமரத்தடியில் கிடந்தது. உலக யுத்தத்துக்கு முந்தின பிக்கப். முன்பக்கம் உருண்டையான இரண்டு விளக்கு, கதவுக்கடியில் ஏறி நிற்கப் பலகை, பின்னால் மரத்தொட்டி. கியர்பாக்ஸ் உடைந்து நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. தொட்டிக்குள் பெயர் தெரியாத செடியெல்லாம் முளைத்திருந்தது. அன்றைக்குத் தன்னைக் கிடத்தின அந்தப் பலகையில் கை வைத்ததும் சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

மெட்ராஸில் இருந்த எஸ்டேட்காரரைத் தேடிப் போய் முறைப்படி வாங்கினார். அவர் மேஜை டிராயரைத் துழாவி ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"இதோட ஒரிஜினல் சாவி. எப்பவும் என்கிட்டத்தான் இருந்துச்சு. எங்க தாத்தா வாங்கின வண்டியாச்சே."

சென்னியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பட்டறையில் மற்ற வேலையெல்லாம் தள்ளிப்போனது. எஞ்சினைப் பிரித்துக் கோத்தார். கிடைக்காத சாமானை அவரே கடைந்து செய்தார். மலை இறக்கத்துக்குத் தாங்காது என்று பழைய கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு எண்ணெய் பிரேக் வைத்தார். பெரிய ரேடியேட்டர், நல்ல விளக்கு, தொட்டிக்குத் தேக்குப் பலகை. காலால் மிதித்து ஸ்டார்ட் செய்கிற இரும்புக் குமிழை மட்டும் அப்படியே விட்டார்.

பழைய கார்களைச் சேர்க்கிற கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்தார்.

"பிரேக்கை மாத்திட்டீங்களே! இனி கண்காட்சியில சேத்துக்க மாட்டாங்க."

"கண்காட்சிக்கு இல்லீங்க. தினமும் ஓட்டறதுக்கு."

"இதையா? தினமுமா?"

"ஆமாங்க. மலைக்கு."

சென்னியப்பனின் கணக்கு எளிமையானது. வண்டி தினமும் மலையில் ஏறி இறங்கினால், அதை ஓட்டின மனுஷன் என்றைக்காவது பார்ப்பான். பார்த்தால் ஓடி வருவான். நம்ம வண்டியல்லவா என்று தொட்டுப் பார்ப்பான். அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று மாதமாக ஏறி இறங்குகிறார். கருநீல வண்டி பளபளவென்று போகிறது. மலைக்காரர்கள் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்கள். யாரோ பெரிய இடத்து வண்டி என்று.

ஒருத்தரும் ஓடி வரவில்லை.

பூசணிக்காய் நறுக்கி முடித்தார் சென்னியப்பன். அம்மணிச் சாமி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியக் காட்டு."

இத்தனை நாளில் அவர் அதைப் பார்க்க வந்ததே இல்லை. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நொண்டியபடி முன்னால் ஓடினார்.

"இது எல்லாம் பட்டறையில செஞ்சதுங்கம்மா. இந்தப் பெயிண்டு..."

அம்மணிச் சாமி பெயிண்டைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஏறி, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். இடது கையை ஸ்டியரிங் மேல் வைத்தார். வலது கை தானாக முன்பலகைக்குப் போனது. தடவியது. பெருவிரல் எதையோ கீழே தட்டப் போய், வெறும் பளபளப்பில் வழுக்கியது.

கை அப்படியே நின்றது.

"இங்க ஒண்ணு இருந்துச்சே. எங்க போச்சு?"

"என்னங்கம்மா இருந்துச்சு?"

அம்மணிச் சாமி இறங்கினார்.

"கொண்டா, பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

பட்டறையில் கழற்றிப் போட்ட சாமானெல்லாம் ஒரு சாக்கில் இருந்தது. மறுநாள் சென்னியப்பன் அதிலிருந்து கைக்கண்ணாடி அளவில் ஒரு விரிசல் கண்ணாடியை எடுத்து வந்தார்.

"இதுங்களா?"

அம்மணிச் சாமி அதில் முகம் பார்த்தார்.

"எனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?"

கண்ணாடி திரும்பி வந்தது.

அடுத்த நாள் ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன். அமுக்கிக் காட்டினார். நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது.

"நீங்க கோவிச்சுக்காதீங்க. அவன் தெரியாமப் பண்ணிட்டான்" என்று நாயைச் சமாதானப்படுத்தினார் அம்மணிச் சாமி.

அதற்கடுத்த நாள் கண்ணாடிச் சட்டம் போட்ட சின்ன முருகன் படம். அதை அம்மணிச் சாமி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் மாட்டினார். சென்னியப்பனின் முகம் மலர்ந்தது.

"இதானுங்களா?"

"இல்ல. படம் நல்லா இருக்கு."

"என்னன்னு நீங்க சொல்லிட்டா எனக்குத் தேடறது சுளுவுங்கம்மா."

"சொல்றது எனக்கும் சுளுவுதான்."

அவ்வளவோடு பேச்சு முடிந்தது.

அன்றைக்கே டவுன் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த மாசத்துக்குள்ள செருப்புப் போடலீன்னா விரலை எடுக்க வேண்டி வரும். விரலோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

சென்னியப்பனின் மனைவி பூங்கோதையும் கூடப் போயிருந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டார்.

"கும்பிடக் கை இருந்தா போதும்னு நெனச்சுட்டீங்களா? அந்த ஆளு முன்னாடி போயி நிக்கறதுக்குக் கால் வேண்டாமா?"

சென்னியப்பன், பேச்சில் தோற்ற ஆண்கள் போகிற இடத்துக்குப் போனார். குளிக்கிற அறை. உள்ளே இருட்டு. காலைக் கழுவ வேண்டும். கை சுவரைத் தடவியது. பெருவிரல் சுவிட்சைக் கீழே தட்டியது. விளக்கு எரிந்தது.

சென்னியப்பன் காலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

அணைத்தார். மறுபடி தடவினார். பெருவிரலால் தட்டினார். விளக்கு எரிந்தது.

அம்மணிச் சாமியின் கை இதைத்தானே செய்தது?

அது பழைய காலத்து சுவிட்ச். கறுப்பு, உருண்டை, நடுவில் மூக்குப்போல் ஒரு குமிழ்.

"பூங்கோதை! இது எங்கிருந்து வந்துச்சு?"

"எது?"

"இந்த சுவிட்ச்சு!"

"உங்க ஓட்டை வண்டியில இருந்ததுதான். தூக்கி வீசறதுக்கு வெச்சிருந்தீங்க. இங்க ஒரு லைட்டு போட்டுக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? வொயரிங்காரர் வந்தப்ப இதையே மாட்டச் சொன்னேன். ஏன், இதையும் கும்பிடப் போறீங்களா?"

சென்னியப்பன் திருப்புளி தேடிக்கொண்டிருந்தார்.

"இதானுங்களா?"

அம்மணிச் சாமி சுவிட்சை உள்ளங்கையில் வாங்கினார். பெருவிரலால் தட்டினார். டக். இன்னொரு தடவை. டக். ரொம்ப நாள் கழித்து வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதேதான்."

சென்னியப்பனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"இது கம்பெனி சாமானே இல்லீங்கம்மா. வீட்டு சுவிட்ச்சு. எவனோ சாவி போடற பூட்டைப் புடுங்கிட்டு இதை மாட்டி வெச்சிருந்தான். அசிங்கமா இருந்துச்சுங்க. நான் அந்தக் காலத்துப் பூட்டையே தேடிப் புடிச்சு, ஒரிஜினல் சாவியோட சேத்துட்டனுங்க. இனி எவனும் தொட முடியாது."

"சாவி எங்க?"

சென்னியப்பன் அரைஞாணில் முடிந்திருந்ததை எடுத்துக் காட்டினார்.

"எப்பவும் இடுப்புலதானுங்க."

"முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"எஸ்டேட்காரர்கிட்டங்க. மெட்ராஸ்ல."

"நீ ரோட்டுல கெடந்த அன்னைக்கு?"

"அன்னைக்கும் அவர்கிட்டத்தானுங்க. மேஜை டிராயர்ல பத்திரமா..."

கையிலிருந்த சாவியைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார்.

கிணற்றடியில் காக்கை ஒன்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

சென்னியப்பன் கேட்டார்.

"அம்மா, நீங்களும் இந்த வண்டிய ஓட்டியிருக்கீங்களா?"

"இந்த மலையில ஓட்டாதவங்க யாரு? பலாமரத்தடியில நிக்கும். வேணும்கறவங்க எடுப்பாங்க. கொண்டாந்து விடறப்ப பெட்ரோல் ஊத்தி விடுவாங்க."

"அப்ப அன்னைக்கு..."

சென்னியப்பன் கையைக் கூப்பினார்.

"நீங்களா அம்மா அது?"

"நாந்தான்னு சொன்னா, செருப்பை மாட்டிட்டுப் போயிருவே. நா இல்லீன்னு சொன்னா, அடுத்த வீட்டுக்குக் கேக்கப் போவே."

"அம்மா..."

"டிரில்லு கொண்டாந்திருக்கியா?"

வண்டியில் எப்போதும் ஒரு கை டிரில் உண்டு. சென்னியப்பன் பூட்டைக் கழற்றினார். அந்த ஓட்டைமேல் சுவிட்சை வைத்துப் பார்த்தார். சரியாக மூடியது. திருகு போடப் புதிதாக ஓட்டை போட வேண்டும். முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிய பலகை. டிரில் முனையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"வலிக்குதா?" என்றார் அம்மணிச் சாமி.

"வலிக்குதுங்கம்மா."

"போடு."

போட்டார். முனை ஒருமுறை வழுக்கி நீளமாக ஒரு கீறல் விழுந்தது. சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒயரைச் சேர்த்தார். சுவிட்சைக் கீழே தட்டி, இரும்புக் குமிழை மிதித்தார். புண் உயிர்போக வலித்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"சாவிய என்ன பண்றதுங்க?"

"உன் ஊட்டுக்காரிகிட்டக் குடு. பீரோவுல வெச்சுக்கட்டும்."

வண்டியை எஸ்டேட் பலாமரத்தடியில், பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிற தகப்பன்கூட அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து பார்த்தார். வண்டி விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"யாரும் எடுக்கலீங்கம்மா."

"துடைச்சு வெச்சிருந்தியா?"

"ஆமாங்க. தினமும் வந்ததும் முதல் வேலை அதுதானுங்க."

"துடைக்காதே."

துடைக்காமல் இருப்பது சென்னியப்பனுக்கு டிரில் போட்டதைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. இலை விழுந்தது. காக்கை எச்சம் போட்டது. பலாப்பிசின் ஒழுகிக் காய்ந்தது. கருநீலம் மங்கி, வண்டி மலையின் நிறத்துக்கு வந்தது.

ஒரு நாள் வந்து பார்த்தால் டயரில் செம்மண். தொட்டியில் மிளகுக் காம்பு சிதறிக் கிடந்தது. தேக்குப் பலகையில் ஒரு கீறல்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. கீறலைத் தடவிக்கொண்டே பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்தார். அவர் விட்டுப் போனதைவிட அதிகமாக இருந்தது.

இன்னொரு நாள் சீட்டில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். யாருக்கு என்று தெரியவில்லை. வண்டிக்காக இருக்கலாம். சென்னியப்பன் இரண்டைத் தின்றார், மீதியை மடத்துக்குக் கொண்டுவந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் அம்மணிச் சாமி பார்த்தார்.

"யாரு வெச்சாங்கன்னு கேக்கலியா?"

"கேக்கலாம்னுதானுங்க போனேன். அப்புறம் பழம் நல்லா இருந்துச்சு, தின்னுட்டேன்."

மாசம் முடிகிற சமயம். சென்னியப்பன் கூடத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வெயில் நேர் உச்சியில் இருந்தது.

பலாமரத்துப் பக்கமிருந்து ஆட்களின் கூச்சல் கேட்டது. அதன் பின்னால் ஒரு சத்தம். இரும்புக் குமிழை மிதிக்கிற சத்தம். எஞ்சின் இருமி நின்றது. மறுபடி மிதித்தார்கள். மறுபடி இருமியது.

சென்னியப்பன் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"சோக்கு! சோக்கை இழுங்க! கறுப்புக் கம்பி!"

கத்திக்கொண்டே ஓடினார். புண்ணை மறந்து, நொண்டலை மறந்து, சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு ஓடினார். வளைவைத் தாண்டி ரோட்டுக்கு வருவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நகர்ந்துவிட்டது.

அவருக்குப் பின்பக்கம்தான் தெரிந்தது.

தொட்டியில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். ஒரு பெண் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் சேலையெல்லாம் ரத்தம்.

"மிளகு பறிக்க ஏறினவன். ஏணி சரிஞ்சுருச்சுங்க" என்று ரோட்டோரத்தில் நின்ற ஒருவர் மூச்சு வாங்கச் சொன்னார்.

ஓட்டுகிறவரின் முதுகு மட்டும் பின்பக்கச் சின்னக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தலையில் துண்டு. அந்த வெயிலில் மலையில் துண்டு கட்டாத தலை எது?

கிடந்தவனின் கண் மூடி மூடித் திறந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ.

"கண்ண மூடாதீங்க! இன்னொரு வளைவுதானுங்க! இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வண்டி திரும்பியது. மரங்கள் மறைத்துக்கொண்டன.

இனிச் சத்தம்தான். சென்னியப்பன் நடு ரோட்டில் நின்று காதைக் கொடுத்தார். முதல் கொண்டை ஊசி. கியரை இறக்குகிறார்கள். பிரேக் போடுகிறார்கள். பிடித்தது. பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், அவர் கையால் வைத்த பிரேக். இரண்டாவது வளைவு. மூன்றாவது. சத்தம் தேய்ந்து தேய்ந்து காற்றோடு போயிற்று.

சென்னியப்பனின் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் கூப்பிக்கொண்டன. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

"நல்லா இருக்கோணும் சாமி" என்றார் கீழ்ப் பள்ளத்தைப் பார்த்து. "நீங்க நல்லா இருக்கோணும்."

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மடத்துக்குத் திரும்பினார். படியில் அம்மணிச் சாமி நின்றிருந்தார். ஒரு கையில் என்னவோ துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"ஓட்டினது யாருன்னு பாத்தியா?"

"இல்லீங்கம்மா. முதுகுதான் தெரிஞ்சுது."

"அப்ப?"

"சொல்லிட்டனுங்க."

அம்மணிச் சாமி துணியைப் பிரித்து அதில் இருந்ததைக் குனிந்து அவர் காலடியில் வைத்தார். விளக்கெண்ணெய் வாசம் அடித்தது. அன்றைக்குக் கழற்றிப் போட்ட அதே செருப்பு. இத்தனை வருஷமாகியும் தோல் காயவில்லை, வெடிக்கவில்லை. துணிபோல் மெத்தென்று இருந்தது.

"போட்டுக்கப்பா" என்றார். "வண்டி போயிருச்சு. பஸ்ஸுக்கு நடக்கோணுமில்ல."